சச்சிதானந்தன் வாத்தியாரின் மனக்கணக்கு

அன்பு மகள் மனோரமாவுக்கு, மெல்போர்னிலிருந்து உன் அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்டாட்டி பத்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடுகிறேன், முழங்காலில்தான் குளிர் இறங்கி உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. உன் தம்பி பாஸ்கருக்கும் பத்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே நம் ரப்பர் தோட்டத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வேதவல்லியும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். தேதி என்னவென்று கேட்டால் பத்மா ஏதோ ஒரு நம்பர் சொல்கிறாள், அது என் தலையில் நிற்காது. டார்வின் என்கிற ஊரைப் புயல் வாரிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த தீபாவளி இது. இங்கே டிவி பெட்டியில் படம் கலராக வர ஆரம்பித்த வருஷம். இந்த நாட்டுப் பிரதமரை வேலையை விட்டு நீக்கினார்களே, அந்த வாரம். காலையில் நாற்காலியில் இருந்த மனுஷர் சாயங்காலம் படிக்கட்டில் நின்று பேசுகிறார், உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் பாஸ்கர் சட்டம் அது இது என்கிறான். சட்டமாம். கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை எந்தப் பெட்டியில் காட்டுவார்கள்?

நீ கேட்டிருந்தபடி வாத்தியார் மகள் ராஜகுமாரி வீட்டுக்குப் போய்ப் பையனைப் பார்த்து வந்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாஸ்கரை எழுதச் சொல்லவில்லை, அவன் எனக்குத் தெரியாமல் பாதியை நல்லதாக மாற்றிவிடுவான். அவனைக் கறி வாங்க மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பத்மாவை உட்காரவைத்திருக்கிறேன். இவள் திருச்சிக்காரி, நம் தோட்டத்துக் கதை எதுவும் தெரியாது, அதனால் ஒருபக்கம் சாயமாட்டாள். இருந்தாலும் நாலு வரிக்கு ஒருதரம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை நோபல் பார்க்கில் ராஜகுமாரி வீட்டில் சாப்பாடு. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, புருஷனுக்கு மோட்டார் கம்பெனியில் வேலை, அன்றைக்கு அவர் வீட்டில் இல்லை. வேலை என்றார்கள், ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலையோ. வாசலில் இறங்கியதும் வாங்க மாமா என்று கையைப் பிடித்தாள். நான் அப்போதே கவனித்தேன். தோட்டத்தில் இருந்தபோது வாத்தியார் வீட்டுப் பெண்கள் நம் கூலிக்காரர் லயத்து வீடுகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை, இப்போது மாமா. பெண் கேட்கிற இடத்தில் குனிவது சகஜம்தான், ஆனாலும் இவ்வளவு குனிந்தால் எதையோ காலால் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பையன் சிறிதரன் வாட்டசாட்டமாக இருக்கிறான், என்ஜினியர் படிப்பு முடிக்கப்போகிறான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். தினமும் கழுவுகிறானா, நான் வந்ததற்காகக் கழுவினானா என்று பார்க்க நான் சமையலறைக்குப் போய், துணி எங்கே தொங்குகிறது என்று அவனைக் கேட்டேன். தேடாமல் எடுத்துக் கொடுத்தான். அதுவரைக்கும் சரி. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான், அம்மா அதை எனக்குத் தமிழாக்கித் தருகிறாள், நடுவில் எவ்வளவு சிந்தியது என்று யார் கண்டது.

சாப்பிட்டு முடிக்கும்போது சிவலிங்கம் வந்தார். உனக்கு நினைவிருக்கும், நம் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணியாரின் மகன், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சப்பான்காரன் வந்து டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் உன்னோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாயில் உட்கார்ந்து படித்தவர். இப்போது தலை நரைத்து நல்ல உத்தியோகம். நம் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டுகிறார்களாம், பழைய மாணவர்கள் எல்லாரும் நினைவில் இருப்பதைப் பேசி அனுப்ப வேண்டுமாம், அதற்காக ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். என்னோடு வந்திருந்த பாஸ்கர் முதலில் பேசினான், ஆடு உள்ளே நுழைந்து சுவரில் ஒட்டியிருந்த தேசப்படத்தைத் தின்ற கதை. சிவலிங்கம் அவனைப் பார்த்து, நீ சப்பான் சண்டைக்குப் பிறகு படிச்ச பொடியன், உனக்கு ஆட்டைத் தவிர வேற என்ன தெரியும் என்று கிண்டல் செய்தார். ராஜகுமாரி தன் அப்பா சச்சிதானந்தன் வாத்தியார் பற்றிச் சொன்னாள், சுண்ணாம்புக்கட்டி கிடைக்காத காலத்தில் மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து எழுதினாராம், காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துச் சப்பான் ராஜா இருக்கிற திசைக்குக் கும்பிடு போடவைத்தபோது அவர் மட்டும் இருமுவது போலக் குனிவாராம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு சிவலிங்கம் மனக்கணக்கைப் பற்றிப் பேசினார். புத்தகம் இல்லாத காலம், பிள்ளைகள் வீட்டுச் சங்கதியை வைத்தே வாத்தியார் கணக்குப் போடுவாராம். உன் வீட்டில் மத்தியானம் எத்தனை தட்டு வைக்கிறார்கள், ராத்திரி எத்தனை தட்டு, பெரியதில் சின்னதைக் கழி, மீதி என்ன. முதலில் சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு துண்டு கருப்பட்டி. உப்புக்கூட இல்லாத நாளில் கருப்பட்டி என்றால் சும்மாவா என்று சிவலிங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தார். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "எங்கட வகுப்பிலேயே மனோரமாதான் கெட்டிக்காரி அங்கிள். வாத்தியார் கேட்டு முடிக்க முன்னம் எழும்பி நிண்டு சொல்லிப்போடுவா. ஒருநாள் மணி அடிச்ச பிறகும் வாத்தியார் அவவை மட்டும் மறிச்சு வச்சு இன்னொரு துண்டு குடுத்தவர். எங்களுக்கு ஒரே எரிச்சல்."

அந்த இடத்தில் ராஜகுமாரியின் விரல் டேப் ரெக்கார்டரின் பொத்தானுக்குப் போனதை நான் பார்த்தேன். டீ போடட்டுமா என்று கேட்டாள். டீக்கு எதற்கு அதை நிறுத்த வேண்டும்?

இங்கே பத்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்ன மாமா விஷயம் என்று கேட்கிறாள். எழுது தாயே, அவளுக்குப் புரியும் என்றேன். உனக்குப் புரியாமல் இருக்காது மனோரமா. என் தம்பி பழனிசாமியைச் சப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துப் போகாமல் இருக்க, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற பழைய கொட்டகைப் பரணில் பகலெல்லாம் ஒளித்து வைத்திருந்தோம். மரம் விழுந்து என் கால் உடைந்திருந்ததால் சப்பான்காரன் என்னை வேண்டாமென்று தள்ளிவிட்டான், தம்பிமேல்தான் கண். இருட்டிய பிறகுதான் அவன் இறங்கி வந்து சாப்பிடுவான், அதனால் நம் வீட்டில் மத்தியானம் மூன்று தட்டு, ராத்திரி நான்கு. பரணுக்கு மரவள்ளிக் கிழங்கை இலையில் சுற்றிக்கொண்டு போனது நீ, பெரியவர்கள் போனால் பார்ப்பார்கள், சிறுபிள்ளை விளையாடப் போகிறது என்று விட்டுவிடுவார்கள் என்று உன் அம்மாதான் யோசனை சொன்னாள். ஆள் பிடிக்கிற லாரி வந்த அன்று சப்பான்காரர்கள் லயத்தில் ஒரு கதவையும் தட்டவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பரணில் ஏணியைச் சாய்த்தார்கள். சயாமில் தண்டவாளம் போடப் போனவன் காய்ச்சலில் போனானோ ஆற்றில் போனானோ, திரும்பி வந்தவர்கள் ஒருவரும் அவனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. கூலிகளை வேலை வாங்குகிற மண்டோர் கிருஷ்ணசாமிதான் காட்டிக்கொடுத்தான் என்று இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன், அவன் கண் அந்தக் கொட்டகைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது, அவன் செத்ததற்குக்கூட நான் போகவில்லை. வாத்தியார்மேல் ஒரு நாளும் எனக்கு ஐயம் வந்ததில்லை. லாரி போன பிறகு அவர் தினமும் நம் வீட்டுக்கு வந்தார், உன் அம்மா அழும்போது கூட அழுதார், தம்பியை விடச் சொல்லிச் சப்பான்காரனுக்கு மனு எழுதிக் கொடுத்தார். எவ்வளவு நல்லவர் என்றோம். இப்போது நினைத்தால், மற்ற வீடுகளிலும் ஆட்களைப் பிடித்தார்களே, அங்கெல்லாம் அவர் ஏன் தினமும் போகவில்லை? அவருடைய மச்சான், பழனிசாமி வயசு, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு வெளிச்சத்தில் நடமாடினானே, அவனை மட்டும் ஏன் லாரி பார்க்கவில்லை?

இன்னொன்றும் எனக்கு நினைவு வந்தது. லாரி வருவதற்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ நீ கையை இறுக மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய். விரித்தால் கருப்பட்டி. கணக்குச் சரியாகச் சொன்னதற்கு வாத்தியார் கொடுத்தார் என்றாய், நான் உன் தலையைத் தடவிவிட்டேன். சித்தப்பா சாப்பிட வந்தபோது அவனுக்கு ஊட்டினாய், அவன் ஓரத்தில் கடித்துவிட்டு மீதியை உன் வாயிலேயே போட்டான்.

நோபல் பார்க்கில் நான் சும்மா இருக்கவில்லை. டீ கொடுக்க வந்தவளைத் தனியாக நிறுத்தி, அன்றைக்கு மணி அடித்த பிறகு உன் அப்பா என் மகளிடம் என்ன கேட்டார் என்று நேராகக் கேட்டேன். தனக்குத் தெரியாது, தான் அப்போது வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "எங்கப்பா சாகுற வரைக்கும் இனிப்பு வாயில வைக்கல மாமா. ஏன்னு நாங்க கேட்டதில்ல" என்றாள். இனிப்புநீர் வியாதி உள்ளவனும் இனிப்பு தொடமாட்டான். எதையும் மறைக்க நினைப்பவள் இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். நான் மோப்பம் பிடித்துவிட்டேன் என்று தெரிந்து பாதியைக் கொடுத்துப் பாதியைப் பிடித்துக்கொண்டாளோ என்றும் நினைக்கிறேன். எப்படிப் புரட்டினாலும் ஒரு பக்கம் வேகாமல் இருக்கிறது. எந்த வீட்டில் அரிசி இல்லை என்று தெரிந்து உதவி செய்யக்கூட வாத்தியார் தட்டை எண்ணியிருக்கலாம். கழுத்தில் கத்தி வைத்தும் அவரிடம் கேட்டிருக்கலாம்.

இதையெல்லாம் விட என்னை அரிக்கிறது வேறு. இந்தச் சம்பந்தத்தை நீதான் கொண்டுவந்தாய். வேதவல்லியை வாத்தியார் பேரனுக்குக் கொடுக்கலாமா, போய்ப் பாருங்கள் அப்பா என்று எழுதியவள் நீ. வாத்தியார் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அந்த வீடு சுத்தம் என்று தெரிந்து கொண்டுவந்தாயா, சின்ன வயசில் நடந்தது மறந்துபோய்க் கொண்டுவந்தாயா, இல்லை எல்லாம் தெரிந்தும் அந்த வீட்டோடு உறவாகிவிட்டால் யாரும் இனிமேல் கிளறமாட்டார்கள் என்று கொண்டுவந்தாயா? பெற்ற மகளை இப்படிக் கேட்கிறானே என்று நினைக்காதே. கேட்டதற்குப் பதில் சொன்ன குழந்தைமேல் ஒரு பாவமும் ஒட்டாது, உன் சித்தப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவான். ஆனால் கேட்டவர் வீட்டுப் பந்தலில் என்னால் கை நனைக்க முடியாது. கேட்கவில்லை என்றால் தை மாதமே வைத்துக்கொள்ளலாம், பையனைப் பற்றி எனக்கு வேறு குறையில்லை.

நீ நீட்டி எழுதினால் அதை இங்கே யாராவது எனக்குப் படித்துக் காட்ட வேண்டும், படிப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் கேட்க வேண்டும். அது வேண்டாம். மற்ற சேதி என்ன வேண்டுமானாலும் எழுது. வாத்தியார் பரணைப் பற்றிக் கேட்கவில்லை என்றால் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பு. கேட்டார் என்றால் வெறுமையாக அனுப்பு. அது எனக்குப் படிக்கத் தெரியும், அதற்குமேல் ஒரு வார்த்தை உன்னைக் கேட்கமாட்டேன்.

மாப்பிள்ளையை மழையில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகவேண்டாம் என்று சொல், அந்த இருமல் லேசானதல்ல. முடிவு தெரியும்வரை வேதவல்லியின் போட்டோவை யாருக்கும் கொடுக்காதே, சிவலிங்கம் அங்கே வந்து கேட்டாலும் கொடுக்காதே. என் கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தாயா? குடும்பத்தோடு நீங்கள் நோய்நொடி இல்லாமல் தழைத்திருக்க வேண்டும், பேத்திக்கு நல்லவன் கையால் தாலி ஏறவேண்டும், என் ஆயுசில் மிச்சம் உள்ளதும் உங்களுக்கே சேரட்டும். பதிலை மட்டும் தள்ளிப்போடாதே. உன் அம்மா போய்விட்டாள், மண்டோர் போய்விட்டான், கிராணியார் போய்விட்டார். மணி அடித்த பிறகு அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். வாத்தியாரை எரித்தாகிவிட்டது. இன்னும் உயிரோடு இருப்பது மனோரமா, நீதான்.

இப்படிக்கு,
உன் அப்பா இராமன், இடது கைப் பெருவிரல் ரேகை