குடிலுக்கு நடந்து வந்த தவளைகள்

ஜவ்வாது மலை,
பிப்ரவரி 9.

அன்பு மகள் ஜூடிக்கு,

பாலன் இயேசுவின் சமாதானம் உன்னோடும் உன் மடத்துச் சகோதரிகள் எல்லோரோடும் இருப்பதாக. நானும் அம்மாவும் நலம். ராஞ்சியில் குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று எழுதியிருந்தாய். நாங்கள் அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்ததா? அதைப் பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நீ நடுங்கிக்கொண்டிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். அப்படிச் செய்திருந்தால் உடனே எழுது, இன்னொன்று அனுப்புகிறேன். சந்நியாசம் போகப் பழகுகிறவள் சளி பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உன் கடிதம் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. தபால்காரர் அதை மேட்டுக்கொல்லை செல்லியம்மாள் வீட்டில் கொடுத்திருக்கிறார். அவள் பத்திரமாக இருக்கட்டும் என்று சாமை மூட்டைக்கு அடியில் வைத்து, மூட்டையோடு சேர்த்து மறந்தும் போனாள். பயிற்சிக் காலம் முடியும்வரை உங்களுக்குப் போன் கிடையாது என்பதால் நடந்ததையெல்லாம் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். எனக்கு பஸ் ஓட்டுவது சுலபம், எழுதுவது சிரமம். பொறுமையாகப் படி.

முதலில் கெட்ட செய்தி. நம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குட்டையை மூடுவதென்று ஆனி மாதமே பங்குப் பேரவையில் பேசினார்கள். மண்ணைக் கொட்டி, மேலே சிமெண்ட் கல் பதித்து, திருவிழாவுக்கு வரும் வண்டிகளை நிறுத்த இடம் செய்வதாகத் திட்டம். முன்னின்று செய்தவர் பேரவைச் செயலாளர் ஜஸ்டஸ். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. போன வருடம் அவர் பேரனுக்கு டெங்கு வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் பிழைப்பதே பெரிய பாடாகிவிட்டது. அதிலிருந்து தேங்கிய தண்ணீர் எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. போதாததற்கு அந்தக் குழந்தை இன்னும் உடம்பு தேறாமல் இருக்கிறது. தேரை மேலே பட்டதால்தான் இப்படி மெலிகிறது என்று அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் உன் அம்மா எழுந்து பேசினாள். ஆமாம், நம் வீட்டு மதலேனாள்தான். தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் சொல்லச் சொன்னாலே முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னால் போகிறவள், அன்றைக்கு எழுந்து, குட்டையில் எட்டு வகைத் தவளை இருக்கிறது, அதுங்க எங்கே போகும் என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அதற்கு அவள் இரண்டு நாள் எனக்கு ரசம் மட்டுமே ஊற்றினாள்.

எட்டு வகை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க மாட்டாய். விலங்கியல் படித்த காலத்தில் மழை பிடித்தால் போதும், டார்ச்சைத் தூக்கிக்கொண்டு குட்டைப் பக்கம் போய்விடுவாய். கல்யாண வயசுப் பெண்ணுக்குத் தவளையோடு என்ன வேலை என்று கத்தியவள் அவள்தானே? நீ மடத்துக்குப் போன பிறகு வந்த முதல் மழைக்கு அந்த டார்ச்சை அவள் எடுத்துக்கொண்டு போனாள். செருப்பைத் தேடுகிறேன் என்றாள். 

இந்த வருடம் கிறிஸ்துமஸ் குடில் போடும் முறை நம் அன்பியத்துக்கு வந்தது. குடிலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா வாங்கிக்கொண்டாள். குட்டைக் கரையிலிருந்தே களிமண் எடுத்து வந்து, கார்த்திகை முழுக்கத் தவளை பிடித்தாள். அதாவது மண்ணில் பிடித்தாள். முதலில் செய்தது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. இரண்டாவது செய்ததைப் பார்த்த செல்லியம்மாள், அச்சு அசலாக உன் அப்பாவின் முகம் என்றாள். அம்மா மறுக்கவில்லை. ஆனால் அவள் விடுகிறவளா? குட்டைக் கரையில் போய்க் குந்திக்கொண்டு, அது எப்படி உட்காருகிறது, முட்டி எங்கே மடங்குகிறது, தொண்டை எப்படி உப்புகிறது என்று பார்த்துப் பார்த்து வந்து, செய்ததை உடைத்து உடைத்து மறுபடி செய்தாள். பெரிய தவளைக்குக் கண் புளியங்கொட்டை. சின்னதற்குக் குன்றிமணி. பெயிண்ட் நான் போளூரிலிருந்து வாங்கி வந்தேன். நான் வாங்கி வந்த பச்சை ஒன்றுகூடத் தவளைப் பச்சை இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். கடைசியில் அவளே மஞ்சளும் நீலமும் கலந்து கொண்டுவந்த நிறம் அசல் தவளை முதுகேதான். இத்தனை வருடம் இந்தக் கையால் சோறு மட்டுமே வாங்கித் தின்றிருக்கிறேனே என்று இருந்தது.

குடிலைச் சொல்கிறேன் கேள். எல்லா ஊரிலும் குடில் கூரைமேல் பஞ்சை ஒட்டி பனி என்பார்கள். இந்த மலையில் என்றைக்குப் பனிக்கட்டி கொட்டியது என்று கேட்டு, அம்மா அந்தப் பஞ்சைக் கூரையிலிருந்து எடுத்துவிட்டாள். குளத்துக்கு வைக்கும் கண்ணாடித் துண்டின் மேல் ஒரு கிளையை வளைத்துக் கட்டி, அதன் இலையில் பஞ்சைப் பொதிந்து தொங்கவிட்டாள். மரத்தவளை நுரையில் கட்டும் கூடு அது. தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நழுவித் தண்ணீரில் விழும் என்று நீ சொல்லித் தந்ததுதானே? கண்ணாடியின் மேல் கறுப்பு மையால் தலைப்பிரட்டைகள். மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேரை. இடையர்களோடு சேர்ந்து ஒரு கூட்டம் தவளை. எல்லாமே தீவனத் தொட்டியில் படுத்திருக்கப்போகும் குழந்தையைப் பார்த்தபடி.

இருபத்து நான்காம் தேதி மத்தியானம் ஜஸ்டஸ் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. எகிப்து நாட்டுக்குச் சாமி தண்டனையாக அனுப்பியது தவளை, அசுத்தமான உயிர், அதைக் கொண்டுவந்து பாலன் காலடியில் வைப்பதா என்று சத்தம் போட்டார். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மறைக்கல்வி வகுப்பில் படித்தது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்தது போல. உன் அம்மா பசைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்: “தவளைங்கள சாமி போவச் சொல்லிச்சி, போச்சிங்கண்ணா. சொன்ன பேச்ச கேக்காதவன் அந்த எகிப்து ராஜா. ராஜாவுங்க மூணு பேர இட்டாந்து குடில்ல நிக்க வெச்சிக்கினு, தவளைய மட்டும் வெளிய போவ சொன்னா இன்னா நியாயம்?”

சிரிப்பு அடங்க நேரமானது. அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. நாலு பேர் முன்னால் பேச்சில் தோற்ற மனிதர் இறங்கி வருவாரா? ஃபாதர் வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது என்று தவளைகளையெல்லாம் முறத்தில் வாரி வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். ஃபாதரோ கீழே சந்தவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் பூசைக்குப் போயிருந்தார். நான் எதிர்த்துக் கேட்க முன்னால் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டு குட்டைப் பக்கம் போனாள். கரைத்துவிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் கரைக்கவில்லை. குட்டைக் கரையில் ஆரம்பித்து, கோயில் வாசல் படி வரைக்கும், அந்த மண் பாதை நெடுக ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். எல்லாம் கோயிலைப் பார்த்த முகம். வெளியே வைக்கச் சொன்னார்கள், வெளியேதான் வைத்தேன் என்றாள்.

ஃபாதர் மூன்று ஊர் பார்க்க வேண்டும் என்பதால் நமக்கு ஏழு மணிக்கே பூசை. சாயங்காலம் தூறல் போட்டு நின்றிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாதையைப் பார்த்து நின்றார்கள். பிறகு பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும், ஒன்றின் மேலும் கால் படாமல் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். மழை நாளில் இதே பாதையில் உயிருள்ள தவளையின் மேல் பைக் ஏற்றிப் போகிறவர்கள் அவர்கள். மலை ரோட்டில் நானும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். ஜஸ்டஸ் வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஃபாதர் வந்தார். குடிலில் கிடத்த வேண்டிய பாலன் சுரூபத்தைக் கையில் ஏந்தியபடி பாதையில் கொஞ்ச நேரம் நின்றார். விஷயம் கேட்டார். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களை வாசலில் நிறுத்துவது நம் ஊர் வழக்கமா என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு தன் பின்னால் வரச் சொன்னார். பாட்டு எழும்பியது. ஜனங்கள் ஒவ்வொருவரும் ஒரு தவளையை ஏந்திக்கொண்டு பாலனுக்குப் பின்னால் போனார்கள் ஜூடி. வேடிக்கை பார்க்க வந்த செல்லியம்மாள்கூட ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அழுதேன்.

ஜஸ்டஸ் கடைசி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் உள்ளே போன பிறகு, ஃபாதர் சொல்லை மீற முடியாமல், குழாயடியில் மிச்சமிருந்த ஒன்றைக் குனிந்து எடுத்தார். அது மண் தேரை இல்லை. நிஜத் தேரை. தூறலுக்கு வெளியே வந்து, அம்மா வைத்த வரிசையில் அதுவும் போய் உட்கார்ந்திருக்கிறது. அலறி வீசிவிடுவார் என்று, வாசற்படியில் நின்றிருந்த நான் ஓடினேன். அவர் வீசவில்லை. இரண்டு கையையும் குவித்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக, பேரனைத் தூக்கிப் போகிற மாதிரி, குட்டைக் கரைக்கு நடந்து போய் இறக்கிவிட்டார். பூசை பாதியில்தான் உள்ளே வந்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “அதுக்கு நெஞ்சு அடிச்சிக்குது ஜோசப்பு. கையில தெரியுது. எங்க கொயந்த ஆஸ்பத்திரில கெடந்தப்ப அப்டித்தான் அடிச்சிக்கிச்சி.”

மூன்று ராசாக்கள் திருவிழா முடிந்து குடிலைப் பிரித்தபோது, தவளையைக் கேட்டு வராத வீடு இல்லை. அடுத்த ஞாயிறு பேரவை கூடியது. குட்டை இருக்கட்டும் என்று முதலில் சொன்னவர் ஜஸ்டஸ். வண்டிகள் மேட்டிலேயே நிற்கட்டும், நடந்து வந்தால் யாருக்கும் கால் தேய்ந்துவிடாது என்றார். கொசு பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. கோயில் டிரம்முக்கெல்லாம் மூடி போட வைத்துவிட்டார், அது நல்லதுதான். பிள்ளைகள் விழாதபடி குட்டையைச் சுற்றி இடுப்பளவுச் சுவர் எழுப்பி, இரண்டு பக்கம் தவளை போய்வர வழி விட்டிருக்கிறது. அந்தச் சுவரில் மதலேனாள்தான் படம் போட வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. “எகிப்து தவள வேணாம்மா, நம்மூரு தவளையா போடு” என்றார்.

அம்மா பத்து நாளாகச் சுவரும் கையுமாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அங்கேதான் நிற்கிறார்கள். நானும் வண்டியை விட்டதும் அங்கேதான் போகிறேன். முட்டி வலி இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு உட்காருகிறாள். ஒவ்வொரு தவளைக்கும் கீழே பெயர் எழுத வேண்டுமாம். பாதிதான் அவளுக்கு நினைவிருக்கிறது. நீ சொன்னபோது திட்டிக்கொண்டிருந்தவளுக்கு எப்படிக் காதில் விழும்? பெயர்களை எழுதி அனுப்பு. எனக்கு எழுதாதே, அவள் பெயருக்கே எழுது. நீ போனதிலிருந்து உன் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துக் காட்டுகிறேன். அடுப்பு வேலையில் இருப்பது போலக் கேட்டுக்கொள்வாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

மே மாதம் துறவறத்துக்கு உன் முதல் வார்த்தைப்பாடு என்று எழுதியிருந்தாய். பெற்றவர்கள் வந்து பீடத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதையும் படித்துக் காட்டினேன். அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனாள். நான் அவசரப்படுத்தவில்லை. நேற்று சுவரைப் பார்த்தேன். ஏழு தவளை முடிந்துவிட்டது. எட்டாவதற்கு வெள்ளை அடித்து, வெறுமையாக விட்டிருந்தாள். பெயிண்ட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அது அவளுக்கு வுட்டது. எப்பனா வூட்டுக்கு வந்தா போடட்டும். அவ சாமிகிட்டயே இருந்துட்டாலும் சரி, அந்த எடத்த யாரும் மூட வேணாம்.”

இன்று காலையில் மே மாதத்துக்கு ராஞ்சி வரைக்கும் இரண்டு டிக்கெட் போடச் சொன்னாள். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் எப்படி உட்காருவாய் என்றதற்கு, குட்டைக் கரையில் குந்தியவளுக்கு ரயிலில் குந்தத் தெரியாதா என்கிறாள்.

உன் நெற்றியில் நான் வரையும் சிலுவை அடையாளத்தை இங்கிருந்தே ஏற்றுக்கொள் மகளே. நீ தேர்ந்துகொண்ட வழியில் ஆண்டவர் உன்னைக் கைப்பிடித்து நடத்தட்டும். எங்கே இருந்தாலும், மழை பெய்கிற அன்றைக்குக் கொஞ்சம் காது கொடுத்துக் கேள். இங்கே அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

என்றும் உன் நினைவோடு ஜெபிக்கும்
அப்பா
மரியஜோசப்