வாழையடி எர்த் கம்பி

ஜூலை 16, செவ்வாய்

பேய்க்காற்று. முற்றமெல்லாம் புழுதி. வேலணைக் கடையில் வாங்க: சீனி, கொசுவுக்கு நுளம்புத்திரி, சமைக்கிற குசினிக்குப் பல்ப். மீன் வேண்டாம், மாமியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்னும் முடியவில்லை.

கிணற்றடிக் குழாயைத் தொட்டேன், விரல் சுள்ளென்றது. மாமாவிடம் சொன்னால் சிரிக்கிறார். மாமி போன பிறகு இன்றுதான் முதல் சிரிப்பு.

"அவ உன்ரை கையையும் பிடிச்சவவோ, பிள்ளை?"



17, புதன்

விடிய எழும்பிப் பார்த்தால் மாமா குழாயைப் பிடித்தபடி. வெறுங்கால். கண் மூடி.

"ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர முந்திப் போயிட்டா. இப்பதான் கையைப் பிடிக்கிறா."

கனடாவில் இருக்கும் இவருக்குப் போன் எடுத்தேன். "அப்பாவோட கதைச்சு வேலையில்லை. நீர் உடன வயரிங்காரனைக் கூப்பிடும்." அங்கே இருந்துகொண்டு எல்லாம் லேசு.

18, வியாழன்

சரவணையிலிருந்து வயரிங் வேலைக்குச் சுதன் வந்தான். மோட்டாரில் கசிவாம். கசிந்தால் தானே விழவேண்டிய ட்ரிப் சுவிட்சும் பழுது. எர்த் கம்பி புதைத்திருப்பது வாழையடியில், வாழையோ காய்ந்து சருகு.

"மண் காய்ஞ்சா தடை கூடும், அக்கா. ஈரமெண்டா கரண்ட் மண்ணுக்குள்ள இறங்கிப் போயிடும். இப்ப அதாலை இறங்க ஏலாது, தொடுற ஆளுக்குள்ளாலதான் போகும். ஆளும் நனைஞ்சிருந்தா முடிஞ்சுது கதை. முந்தி உந்த வாழைக்கு ஆர் தண்ணி ஊத்தினது?"

மாமி. தினமும், அரிசி கழுவின தண்ணீர். அவர் போன நாளிலிருந்து ஒருவரும் ஊற்றவில்லை. அப்படியென்றால் மாமி போனதால்தான் குழாய் அடிக்கிறது, மாமா சொல்வது முழுப் பொய்யும் இல்லை. பயமாக இருந்தது.

கம்பியடியில் கரியும் உப்பும் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். "இப்போதைக்கு இது காணும். ஞாயிறு சாமானோட வாறன். அதுமட்டும் ஊத்திக்கொண்டிருங்கோ."

மாமா பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டார்.

19, வெள்ளி

தொட்டேன். வெறும் இரும்பு. அப்பாடா.

மாமா சாப்பிடவில்லை. இடியப்பம் அப்படியே காய்ந்தது.

"ஏன் பிள்ளை அவவைக் கலைச்சு அனுப்பினனி?"

குசினிக்குள் போய் அழுதேன்.

20, சனி

மத்தியானம். உடுப்புக் காயப்போட வெளியே வந்தேன். எர்த் கம்பியின் வயர் கழற்றப்பட்டுத் தொங்குகிறது. மோட்டார் ஓடுகிறது. குழாயடியில் மாமா, தலையிலிருந்து கால்வரை நனைந்து, கை நடுங்க நடுங்க.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். மோட்டார் நின்றது. பிரிட்ஜ், ஃபேன், எல்லாம்.

"மாமா, கையை எடுங்கோ!"

"கத்தாதை பிள்ளை. இப்பதான் இறுக்கிப் பிடிக்கிறா."

கரண்ட் இல்லை. மாமாவின் கை இன்னும் நடுங்குகிறது. நான் ஒருதரம் குழாயைத் தொட்டுப் பார்த்தால், பிடிப்பது மாமியா என்று தெரிந்துவிடும்.

தொடவில்லை.