தங்கச்சி வழியாக வந்த வீடு

ஆடிட்டரே,

நான் சொல்லப்போகும் கதையைப் புதுக்கோட்டைச் சீமையில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று என் மீசைமேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன். நம்பக்கூடிய ஒரே ஆள் நீ. நீயும் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

காலையில் உன் ஆபீசுக்குப் போயிருந்தேன். உன் நாற்காலியில் இப்போது ஓர் ஆடிட்டர் அம்மா. எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே, எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் பிறகு வீடு சரவணன் மகளுக்குப் போகட்டும் என்று உயில் விவரம் கேட்டேன். பழைய ஃபைலைத் தேடி, ஒரு தாளை நீட்டினார். நீ பென்சிலால் போட்ட படம். சரவணன், பாக்கியம், நான். மூன்று பெயர், இரண்டு அம்புக்குறி. நடுவில் பாக்கியத்தின் பெயரைச் சுற்றி உன் டீ கிளாஸ் பதித்த பழுப்பு வட்டம். மோந்து பார்த்தேன். இஞ்சி மணத்தது.

சரவணன் என் தங்கச்சி பாக்கியத்தின் மகன். விராலிமலை ரோட்டில் அவனுக்கு இருந்த ஓட்டல்களில் ஒரு வேளைக்குத் தாளிக்கும் கடுகு வெடித்தால் மலைமேல் மயிலெல்லாம் பட்டாசு என்று பறந்துவிடும். அவன் லாரிகளை வரிசையாக நிறுத்தினால் முதல் லாரி மதுரையில், கடைசி லாரி திருச்சியில். முதல் ஓட்டலுக்கு என் நிலத்தை விற்றுக் கொடுத்தவன் நான் என்பதை அவன் மறக்கவில்லை. நான் குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், டவுனில் இருந்த தன் வீட்டை எனக்கே தானமாக எழுதிவிடுகிறேன் என்று உன் முன்னால் வந்து உட்கார்ந்தான். நானும் கூட இருந்தேன்.

நீ டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னாய்: "எழுதலாம் தம்பி. ஆனா வீட்டு மதிப்பு பூராவும் ஒங்க மாமாவுக்கு வந்த வருமானம்னு வரி போடுவான்."

"என்ன சார் அநியாயமா இருக்கு? மாமா எனக்குக் குடுத்தா?"

"ஒரு பைசா வரி கெடையாது. சட்டத்துக்கும் தாய்மாமன் குடுக்குற கைதான் தெரியும், வாங்குற கை தெரியாது."

அப்புறம் படம் போட்டாய். மகன் அம்மாவுக்குக் கொடுத்தால் வரி இல்லை. தங்கச்சி அண்ணனுக்குக் கொடுத்தாலும் இல்லை. போட்டுவிட்டு, கிளாஸை அவள் பெயர் மேலேயே வைத்தாய்.

நான் எழுந்துவிட்டேன். உனக்குத் தெரியும், அப்போது எனக்கும் பாக்கியத்துக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு நூற்றெட்டுத் தட்டும் ஏழு யானையுமாகக் கிளம்பினேன். அன்னவாசல் தாண்டியதும் அத்தனை யானைக்கும் ஒரே நேரத்தில் பஞ்சர். மண்டபம் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து, என் இடத்தில் சித்தப்பா மகன் மாலையோடு நிற்கிறான். சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பியவன்தான்.

"வரியக் கட்டிட்டுப் போறேன். அவகிட்ட கை நீட்டமாட்டேன்" என்றேன்.

"எத வித்துக் கட்டுவ? மீசையவா?" என்றாய்.

மீசைக்கு அவ்வளவு விலை போகாது என்பதால் சம்மதித்தேன். வீடு முதலில் அவள் பேருக்குப் போனது. "இது பேசி வச்சுக்கிட்டு எழுதுறது இல்ல தம்பி. எழுதிட்டா அது அம்மா வீடு" என்று நீ சரவணனிடம் கண்டிப்பாகச் சொன்னாய். மூன்று மாதம் அவள் வாயே திறக்கவில்லை. நாங்கள் சாமான்களைக் கட்டி வைத்துக்கொண்டு, இடிக்கிறவர்கள் கடப்பாரையோடு வருகிறார்களா என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் பதிவு ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். போனோம். உன்னைத்தான் கேட்டாள்.

"சார், நான் குடுக்கலன்னா?"

"யாரும் ஒண்ணும் கேக்க முடியாதும்மா. ஒங்க வீடு."

"அப்ப அண்ணன் வாயத் தொறந்து கேக்கட்டும்."

நீ என் விலாவில் இடித்தாய். வீட்டைத்தான் கேட்க வந்தேன். வாயில் வந்தது வேறு. "பாக்கியம், அன்னைக்கு வண்டி பஞ்சர்மா."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன? ஒம்போது வருசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவள் அழுத அழுகையில் பதிவு ஆபீசுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பத்திரங்கள் கப்பல் கப்பலாக மிதந்தன. கூரையைப் பிரித்து கிரேன் வைத்து அவள் எனக்கென்று இறக்கிய பொன்னாடையை நாலு பேர் பிடித்துத்தான் போர்த்த முடிந்தது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

இந்தக் கதையை இன்று ஆடிட்டர் அம்மாவிடம் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் இம்புட்டு சுத்து? வீட்டத் தன் பேர்லயே வச்சுக்கிட்டு ஒங்களக் குடிவச்சிட்டு, ஒங்களுக்குன்னு சரவணன் சார் ஒரு உயில் எழுதியிருந்தாப் போதுமே. உயில்ல வர்றதுக்கு வரியே கெடையாது. எங்க ஆடிட்டர் சாருக்கா இது தெரியாது?"

சாருக்குத் தெரியாதாம்! அடப்பாவி ஆடிட்டரே, நேர்வழி இருக்க என்னை அவள் வாசல் வழியாக நடத்திக் கூட்டிப்போயிருக்கிறாய். தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். உன் ஃபீஸிலும் அன்று பாதியைக் குறைத்துப் பேசினேனே, அதை நினைத்துத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நேற்றுகூடப் பாக்கியம் இந்த வீட்டுக்கு வந்து, என் மீன் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள்.

சரி, உன்னிடம் எதற்கு மறைப்பு. யானை பொய். மயில் பொய். லாரி வரிசை, வெள்ளம், கிரேன் எல்லாம் பொய். ஒரு சின்ன சமாச்சாரம் மட்டும் நிஜம். பொன்னாடை இல்லை, துண்டு. தாய்மாமனுக்கென்று அந்தக் கல்யாணத்துக்கு வாங்கி, ஒன்பது வருஷம் அவள் பீரோவில் பிரிக்காமல் கிடந்த ஈரிழைத் துண்டு. மடிப்பு இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கோடு; எத்தனை துவைத்தும் போகவில்லை. இதை எழுதும்போதும் தோளில்தான் கிடக்கிறது.