நான் உண்டாக்கிய கடல் சடங்கு

14.11.2011
மீன் ஏலம் சீக்கிரம் முடிந்தது. விடுதியில் தங்கியிருக்கும் ஜெர்மன்காரத் தம்பதியைக் கரைக்குக் கூட்டிப்போனேன். புதுசாகக் கல்யாணமானவர்கள். உங்கள் ஊர்க் கல்யாணத்தில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் ஊருக்கல்லவா கேவலம்? தாலி கட்டியதும் பெண் தனியாகக் கடலில் இடுப்பளவு இறங்கி நிற்பாள், கடல் திருப்பி அனுப்பினால்தான் மாப்பிள்ளை வீடு ஏற்கும், ஆயிரம் வருஷப் பழக்கம் என்று எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். என் இங்கிலீஷ் அப்படி.

3.2.2012
விடுதிக்காரர்கள் என் சடங்கை வெள்ளைக்காரருக்காக வாராவாரம் நடத்துகிறார்கள். செண்டை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. பலகையில் முன்னூறு வருஷம் என்று எழுதியிருக்கிறார்கள். எழுநூறு வருஷத்தை யார் தின்றது?

21.1.2013
முத்துநாயகத்தின் மகள் கல்யாணம். மாதா கோயிலிலிருந்து நேரே கடலுக்குள் இறக்கினார்கள் — நம்ம ஊர்ப் பெண்ணை! மூத்தவர்கள் காலத்து வழக்கம் என்று ஒரு கிழவி விளக்குகிறாள். யாருக்கு? எனக்கு!

10.4.2013
அக்கா செசிலியின் மகள் பிரிஜாவுக்குக் குளச்சலில் சம்பந்தம். பையன் பிபின் தங்கமானவன். அவன் அம்மா சகாயசெல்விதான், கடலில் நிற்காத பெண் வேண்டாம் என்கிறாள். சுனாமியில் பிரிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய அப்பன்தான் போனான். அன்றிலிருந்து பிள்ளை மணலில்கூடக் கால் வைத்ததில்லை.
அந்தச் சடங்கே என்னுடையது என்றேன். சகாயசெல்வி சிரித்தாள்.
"ஒத்தக் கையால சுறா பிடிச்சதும் நீங்கதானே அண்ணே?"
(அது உண்மை. சுறா கொஞ்சம் சின்னது.)
அக்கா மட்டும் நம்பினாள். "ஏலே இஞ்ஞாசி, எனக்க பிள்ளய வச்சா வெளையாடுன?"

11.4.2013
பிரிஜா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாமே மக்கா.

6.5.2013
கடல் சடங்கு உண்டு என்ற பேச்சின் பேரில்தான் தாலி கட்டியாயிற்று. செண்டை முன்னே போக, கூட்டம் கரைக்குப் போனது. தார் ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் பிரிஜா நின்றாள். வேர்த்துக் கொட்டியது. பட்டுச்சேலை நனைந்தால் பரவாயில்லை, இறங்கு என்றாள் சகாயசெல்வி.
"எனக்க அப்பாவத் திருப்பி அனுப்பாத கடல்ட்ட நான் போயி என்ன கேக்க?"
செண்டை நின்றது. பிரிஜா திரும்பி நடந்தாள். பிபின் அம்மாவை ஒருதரம் பார்த்தான். பிறகு பிரிஜாவின் பின்னால் போனான்.

2.6.2013
பிபின் கூப்பிட்டான். அவன் அம்மா இன்னும் மருமகளிடம் பேசவில்லையாம். சோறு மட்டும் எடுத்து வைக்கிறாளாம்.
இன்று செல்வதாஸின் மகள் கல்யாணம். பெண் சிரித்துக்கொண்டேதான் கடலில் இறங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கரையேறும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.