எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட இருளாண்டி பொருட்டு

நலம் பொலிக. மும்முகமும் கடல் காவல் நிற்கும் பவளத்துறை நாட்டை ஆள்பவரும், யானை நூறுடையார் என்று புலவராலும் பன்னிரண்டுடையார் என்று பாகராலும் சொல்லப்படுபவருமாகிய நெடுவேல் மாராயர், வெண்குன்ற நாட்டுப் பேரரசியும், மனிதரை வதைத்து உண்மை கறக்கும் வழக்கத்தை ஒழிக்க ஐந்து நாடுகள் கூடி அமைத்த அறமன்றத்தின் தலைவியுமாகிய தேனுமையாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றுகளில் மழை தவறாதிருக்க. தங்கள் குடிகள் அச்சமின்றி உறங்க. இங்கு யாம் நலம் என்று எழுதுவது மரபு. எழுத மனம் வரவில்லை.

வதை ஒழிப்பு உடன்படிக்கையில் முதலில் முத்திரை பதித்தவர் யாமே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அச்செய்தியைச் சிறைக்கோட்டத்துக்குச் சொல்ல மறந்ததை அறியமாட்டீர்கள். மறந்தோம் என்பதும் முழு உண்மையன்று. சொன்னால் வழக்குகள் தேங்கிவிடும் என்று அமைச்சர் கூறினார்; அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டோம்.

பட்டத்து யானையின் பொன் நெற்றிப்பட்டம் காணாமற்போன வழக்கில் இருளாண்டி என்னும் உப்பளத் தொழிலாளி பிடிபட்டான். சிறைத்தலைவன் வல்லாண்டான் கையில் சில நாள் இருந்தபின், தானே எடுத்ததாகச் சொன்னான். மேலும் கேட்கவே, எம் பாட்டனார் காலத்தில் துறைமுகம் எரிந்ததற்கும் தானே காரணம் என்றான். அவன் வயதை அவையில் எவரும் கணக்கிடவில்லை, யாமும் கணக்கிடவில்லை. குற்றவாளி தன் வாயால் ஒப்பினால் வேறு சான்று வேண்டாம் என்பது எம் சட்டம். வரும் பௌர்ணமியன்று அவன் தலையை வாங்க ஆணையிட்டோம். நெற்றிப்பட்டம் இன்னும் கிடைக்கவில்லை; யானை அதைப் பொருட்படுத்துவதாகவும் தெரியவில்லை.

இதற்கிடையில் தங்கள் தூதர் குணசீலர் சிறையைப் பார்வையிட வந்தார். யாமும் உடன் சென்றோம். புது வேட்டி உடுத்தி நிறுத்தப்பட்டிருந்த இருளாண்டியிடம், இங்கே உன்னை எவரேனும் வதைத்தார்களா என்று அவர் கனிவாக வினவினார்.

"ஆமா சாமி, நாந்தேன்" என்றான் அவன்.

தூதர் திகைத்து, அவன் நசுங்கிய விரல்களைக் காட்டி, இவற்றை நசுக்கியது யார் என்றார்.

"அதுவும் நாந்தேன் சாமி. புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க."

வல்லாண்டான் எம் காதருகே குனிந்து, "பய நல்லாப் படிஞ்சுட்டான் மகாராசா" என்றான். யாம் சிரித்தோம். அச்சிரிப்பை மறைத்து எழுதலாம்தான், மறைக்கவில்லை. குணசீலர் நேர்மையாளர், கேட்டதைக் கேட்டபடி எழுதுபவர். கைதி தன்னைத் தானே வதைத்துக்கொண்டான், அரசுக்கு அதில் பங்கில்லை என்று எழுதிவிட்டு, விருந்துண்டு கப்பலேறினார்.

அவர் போனபின் அவன் விடைகளை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். மறுநாள் தனியே சிறைக்குச் சென்றோம். எதைக் கேட்டால்தான் இவன் இல்லை என்பான் என்று அறிய, இந்நாட்டு அரசன் யார் என்று கேட்டோம்.

"நாந்தேன் சாமி" என்று காலில் விழுந்தான். "இனிமே இருக்க மாட்டேன்."

அவையைக் கூட்டினோம். இருளாண்டி ஒப்பியது சான்றாகுமெனில் எம் முடி அவனுடையது. முடி எம்முடையதெனில் அவன் ஒப்பிய எதுவும் சான்றாகாது. எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றோம். அமைச்சர் எம் தலையை அளந்து பார்த்துவிட்டு, முடி தங்களுக்கே பொருந்துகிறது என்றார். அவன் தலை தப்பியது இப்படித்தான். அறம் கருதி விடுவித்ததாகக் கல்லில் வெட்ட அமைச்சர் விரும்புகிறார். அரியணை ஆடியபிறகே எமக்குக் கண் திறந்தது என்பதைத் தாங்களாவது அறிந்திருங்கள்.

ஆதலால் தூதரின் அறிக்கையைத் தள்ளிவிட வேண்டுகிறோம். மீண்டும் ஆள் அனுப்புங்கள். வருவதை எமக்கு அறிவிக்க வேண்டாம். கைதிகளிடம் கேள்வி கேட்குமுன் அவர்கள் உள்ளங்கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள்; அடித்தழும்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். வல்லாண்டானை நீக்கிவிட்டோம். அவனைத் தடுக்காதிருந்த எம்மை விசாரிக்க எம் சட்டத்தில் வழியில்லை; தங்கள் மன்றத்தில் உண்டெனில் அழையுங்கள், வருகிறோம்.

இவ்வோலையின் நகல் பெறும் புதிய சிறைத்தலைவனுக்கு எம் ஆணை: வதைக்கூடத்தைப் பூட்டி, திறவுகோலை வெண்குன்றம் செல்லும் கப்பலில் ஏற்றுக. இருளாண்டியை அவன் மனைவியிடம் சேர்ப்பிக்க. வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்காதே. இங்கேயே இருக்கிறாயா என்றும் கேட்காதே. எதற்கும் ஆமாம் என்பான். கதவைத் திறந்துவிட்டு, பேசாமல் அவனோடு நட.

இப்படிக்கு, எவரும் அடியாமலே ஒப்புக்கொண்டு, நெடுவேல் மாராயன் தன் கையால் இட்ட சங்கு முத்திரை.