முகவரிக் கட்டம்

அன்புள்ள அப்பா,

வீட்டை விட்டுப் போன நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது; மாமா எப்படியும் உங்களிடம் சேர்த்துவிடுவார் என்று நம்பி எழுதுகிறேன். படிப்பை விட்டதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் சட்டை தைக்கக் கொடுத்த அதே கடையில்தான், கணினியில் அளவுகளைப் பதிகிறேன்.

இனி சட்டைகளை வீட்டுக்கே அனுப்பப்போகிறார்கள். அதற்காகக் கடை வலைத்தளத்தில், ஆளுக்கொரு வரியாக இருக்கும் வாடிக்கையாளர் அட்டவணையில் முகவரிக்கென்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தோம். நிரல் எழுதும் அக்கா முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்தார். பிறகு புதுக் கட்டத்தைக் காலியாகவே விட்டார். எல்லா வரியும் நிரம்பிய பிறகுதான் ‘காலி கூடாது’ என்று பூட்ட முடியுமாம். மூன்று நாள் நிரப்பினேன். கண்ணை மூடினால், ஆளில்லாத சட்டைகள் தெருவில் மெதுவாக நடந்து வீடு தேடுகின்றன.

கடைசியில் உங்கள் வரி மட்டும் நின்றது. கழுத்து பதினைந்தரை, வலக்கை இடக்கையைவிட அரை அங்குலம் நீளம்.

“யாருடி இந்த ஆளு? போனும் இல்ல, அட்ரஸும் இல்ல. அழிச்சிடவா?” என்றார் அக்கா.

“வேண்டாங்க்கா. அட்ரஸ் எனக்குத் தெரியும்.”

“அட, உனக்குப் பேசக்கூட வருமா?”

நம் வீட்டு முகவரியை அடித்தேன். பூட்டு விழுந்தது. இனி அந்தக் கட்டத்தை யாராலும் காலியாக்க முடியாது, அப்பா.

உங்கள்
சின்னவள்