நீங்கள் மறக்கவில்லை, அக்கா

அக்கா,

நேற்று விடிந்ததும் லாட்ஜுக்கு வேலைக்குக் கிளம்பியபோது முதலில் கண்ணில் பட்டது அந்தப் பால் சொம்புதான். மாடி வீட்டு வாசற்படியில், சின்னத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. மாடி வீட்டு அத்தை தூக்கக் கலக்கத்தில் பழைய பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கதவு திறந்தது. அத்தை சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நம் தெருவுக்கு நீங்கள் முதலில் பால்காரி, அப்புறம்தான் கவுன்சிலர். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது தெருக்காரர்களே உங்களை நிற்கச் சொன்னார்கள். எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிறவள் நீ ஒருத்திதான் என்றார்கள். ஜெயித்த பிறகும் நீங்கள் பால் ஊற்றுவதை விடவில்லை. கவுன்சிலர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், உங்கள் மொபெட்டின் சீட்டைத் தட்டிக் காட்டுவீர்கள்.

குறைகள் எல்லாம் பாலோடுதான் வரும்.

"மூணு நாளா கம்பத்துல லைட்டு எரியல. நீ என்ன கவுன்சிலரு?"

"நான் என்ன பண்ணட்டும், நானே கம்பத்துல ஏறி எரியட்டுமா?"

"ஏறு. ஓட்டு போட்டமில்ல!"

சிரித்துக்கொண்டே அரை லிட்டர் ஊற்றுவீர்கள். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ லைட்டு எரியும்.

நான் உங்களிடம் வந்தது ஒரு காகிதத்தால். அம்மாவுக்குக் கை உடைந்ததும், லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிற அவள் வேலைக்கு நான் போனேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. ரேஷன் கார்டில் பேர் திருத்த நான் எழுதியிருந்த விண்ணப்பத்தை அம்மா உங்களிடம் காட்டினாள். நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள், எழுத வராது. அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"யாருடி எழுதனது? அச்சடிச்ச மாதிரி இருக்குது."

"என் பொண்ணுதான். கதவுக்குப் பின்னாடி நிக்குது பாரு."

"ஏய் கதவு, வெளிய வா."

அன்றிலிருந்து உங்களுக்கு நான் கதவுதான். என் பேரைச் சொல்லி நீங்கள் கூப்பிட்டதே இல்லை. சாயங்காலம் லாட்ஜிலிருந்து நான் திரும்பினால் மொபெட் வாசலில் நிற்கும். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தண்ணீர், தெரு விளக்கு, நாய்த் தொல்லை, உடைந்த சாக்கடை மூடி. வெளியே யாரிடமும் வாய் திறக்காத நான் உங்களிடம் மட்டும், இந்த வரி இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் அக்கா என்று சொல்லுவேன். "நீ சொன்னா சரிதான், எழுது" என்பீர்கள். வேறு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அந்தக் கால்வாய் விஷயமும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தோம்.

நம் தெரு கிரிவலப் பாதையில் போய் முட்டுகிற இடத்தில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அன்னதானம் நடக்கிறது. சாப்பிட்ட தட்டும் தொன்னையும் ரோட்டிலிருந்து உருண்டு கால்வாயில்தான் விழும். மறுநாள் ரோடு சுத்தமாகிவிடும், கால்வாய் அப்படியே இருக்கும். மழை வந்தால் தண்ணீர் போக வழி இல்லை. அங்கன்வாடியில் தெருக் கூட்டம் போட்டு நீங்கள் இதைப் பேசியபோது அரிசிக் கடைக்காரர் எழுந்து, "சாமி காரியத்த நிறுத்தச் சொல்றியாம்மா?" என்று கத்தினார். கூட்டமே இரண்டாகப் பிரிந்துவிடும் போலிருந்தது. அப்போது டெய்லர் பாய்தான் மெதுவாகச் சொன்னார்.

"எதுக்குங்க நிறுத்தணும்? நல்லா சாப்பிடட்டும். தட்டு போட ரெண்டு தொட்டி வச்சுட்டா போதும். மழைக்கு முன்னாடி கால்வாய தூர் வாரணும். வேற என்ன கேக்கறோம்?"

அவர் வீடுதான் தெருவிலேயே பள்ளத்தில் இருக்கிறது.

அவர் சொன்ன இரண்டையும் மனுவாக எழுதினேன். "நான் வாயால சொன்னா காத்தோட போயிடும். தெருவே கையெழுத்து போட்டா தட்ட முடியாது" என்றீர்கள். இரண்டு நாள் காலையில் நீங்கள் பால் ஊற்ற, நான் பின்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பாய் வீட்டில் அவர் மனைவி பாயம்மா உருதுவில் கையெழுத்துப் போட்டார். "என்ன பாயம்மா, கோலம் போட்டுட்டீங்க?" என்றீர்கள். "உன் கையெழுத்துக்கு என் கோலம் எவ்வளவோ தேவல" என்றார் பாயம்மா. வாசலில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளே மிஷின் நின்றுவிட்டது. பாய் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் உங்களுக்குக் கலெக்டர் ஆபீஸில் கூட்டம். என்னிடம் மனுவைக் கொடுத்தீர்கள்.

"நீயே போய் முனிசிபல் ஆபீஸ்ல குடுத்துட்டு ரசீது வாங்கிக்கினு வந்துடு. பேசவே வேணாம் கதவு. நீட்டுனா போதும்."

நான் போனேன் அக்கா. வரிசையில் நின்றேன். எனக்கு இரண்டு பேர் முன்னால் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் அவள் அப்பாவோடு நின்றிருந்தாள். பின்னலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஏதோ சர்டிபிகேட் வாங்க வந்திருந்தாள். திரும்பினால், நீ இப்ப என்ன படிக்கிற என்று கேட்பாள். ப்ளீச்சிங் பவுடரில் உரிந்த என் கையைப் பார்ப்பாள். அவ்வளவுதான் நினைத்தேன். வேறு ஒன்றுமே நினைக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் போய் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கேட்டீர்கள்.

"குடுத்தியா?"

"குடுத்துட்டேன்க்கா."

"ரசீது?"

"அப்புறம் தரேன்னாங்க."

நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். மறுநாள் லாட்ஜில் வேலை ஜாஸ்தி. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மனுவைப் பெட்டியில் என் பழைய யூனிஃபார்முக்கு அடியில் வைத்தேன். நாள் ஆக ஆக, கொடுக்காமல் விட்டதைவிடக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதுதான் பெரிதாகிக்கொண்டே போனது.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள் மழை கொட்டியது. கால்வாய் முழுக்கத் தொன்னை. தண்ணீர் தெருவுக்கு ஏறி, பாய் வீட்டுக்குள் முழங்கால் வரை போனது. மறு வாரக் கல்யாணத்துக்குத் தைத்து, தரையில் துணி விரித்து அடுக்கி வைத்திருந்த ஜாக்கெட், பாவாடை எல்லாம் சாக்கடையில் ஊறிப் போயின. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து வாசலில் நின்று கேட்ட கேள்விகளைத் தெருவே கேட்டது. பாய் தலையைத் தூக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதில்லை.

அங்கன்வாடியில் மறுபடி கூட்டம். ஆபீஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். "அப்படி ஒரு மனுவே எங்களுக்கு வரலீங்களே" என்றார். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரே ஒரு தடவை. நான் என் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான். பையில வச்சேன், மறந்துட்டேன்" என்றீர்கள்.

பாயம்மா எழுந்தார். "எங்க வூட்டு நெலம தெரிஞ்சுமா மறந்த?"

நீங்கள் கை கூப்பினீர்கள். நான் அதையும் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தெருவில் சொம்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பாயம்மா பாக்கெட் பாலுக்கு மாறினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து வீடு. அந்த வாசல்களில் உங்கள் மொபெட் முதலில் கொஞ்சம் மெதுவாகும், நிற்காமல் போகும். பிறகு மெதுவாவதும் நின்றுபோனது. வேலைக்கு ஆட்களைக் கூட்டி வந்து, அவர்களோடு நாள் முழுக்க வெயிலில் நின்று கால்வாயைத் தூர் வார வைத்தீர்கள். ஒருவரும் உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும்கூடக் கதவைத் திறக்கவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. திட்டுவீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நீங்கள் மனு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

"இனிமே ரெண்டு பேரும் சேந்தே போலாம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அப்படியே போனோம். மொபெட்டில் கேன்களுக்கு நடுவில் நான். ஆபீஸில் என் முதுகில் லேசாகத் தட்டி, "நீட்டு" என்பீர்கள். நான் நீட்டுவேன். ரசீதை நீங்கள் வாங்கிப் பையில் வைப்பீர்கள். போகும்போதும் வரும்போதும் என் கண் முன்னால் உங்கள் முதுகுதான். முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியவில்லை, முதுகுக்காவது சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்த மனு..."

"காத்துல ஒண்ணும் கேக்கல. அப்புறம் சொல்லு."

உண்மையிலேயே கேட்கவில்லையா அக்கா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த அப்புறம் வரவே இல்லை. மாசி மாதத்தில் நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறிப் போனீர்கள். நீங்கள் திரும்பி வந்தபோது உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாய் வந்து தெருக் கோடியில் நின்றுவிட்டுப் போனார். பாயம்மா வரவில்லை. வராததற்கு நான்தான் காரணம் என்பது, அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் குரல்கூட எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து வருகிறது. அந்த ஒரு பார்வை மட்டும் மறக்கவில்லை. அதில் கோபம் இருந்தால் தேவலை. இல்லை. நான் சொல்வேனா மாட்டேனா என்று கொஞ்ச நேரம் காத்திருந்த மாதிரிதான் இருந்தது.

நேற்று சொம்பைப் பார்த்த பிறகு லாட்ஜில் எனக்கு வேலை ஓடவில்லை. பத்து மணிக்கு அங்கன்வாடியில் கூட்டம் என்று அம்மா சொல்லியிருந்தாள். லீவு கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சித்ரா பௌர்ணமி வருகிறது, கூட்டம் தாங்காது, கால்வாய்க்கு இப்போதே மனு கொடுக்க வேண்டும் என்று பேச்சு. பக்கத்து வார்டு கவுன்சிலர்தான் இப்போது நம் வார்டையும் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நான் கையோட குடுத்துடறேங்க. போன தடவ மாதிரி பையில வச்சி மறக்க மாட்டேன்."

சிலர் சிரித்தார்கள். அரிசிக் கடைக்காரர் சும்மா இருக்கவில்லை.

"அந்தம்மாவுக்குப் பால்ல ஊத்தன தண்ணி பத்தல. நம்ம வூட்லயும் ஊத்திட்டுப் போய்ச் சேந்துட்டாங்க."

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். பாயம்மா சிரிக்கவில்லை, ஆனால் ஆமாம் என்று தலையை ஆட்டினார். உங்கள் பாலில் ஒரு நாளும் தண்ணீர் இருந்ததில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும் அக்கா.

நான் எழுந்தேன். யாரும் கவனிக்கவில்லை. நான் பேசுவேன் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? அம்மா என் பாவாடையைப் பிடித்து, "எங்கடி போற, உக்காரு" என்றாள்.

"அக்கா மறக்கல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அக்கா மறக்கல. என்கிட்டதான் குடுத்தாங்க. நான்தான் குடுக்கல. குடுத்துட்டேன்னு பொய் சொன்னேன். அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவங்க மேல போட்டுக்கினாங்க."

சிரிப்பு நின்றது. அம்மா கையை விட்டுவிட்டாள்.

"என்ன பொண்ணே இது, இத்தன மாசம் வாய மூடிக்கினு இருந்தியா?" என்றார் அரிசிக் கடைக்காரர். யாரோ பின்னாலிருந்து, "அந்தம்மாவ என்னென்ன பேசனோம்" என்றார்கள். பாய் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாயம்மா என் பக்கம் திரும்பினார்.

"அவ உசுரோட இருக்கறப்ப சொல்லியிருந்தா நான் அவ வாசலுக்கு ஒரு தடவ போயிருப்பேனேம்மா. ஏன் சொல்லல?"

யூனிஃபார்ம் போட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னேன். என் கையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்தது. "அதுக்காகவா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

நான் உட்காரவில்லை அக்கா. கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டே பதில் சொன்னேன்.